நைனாவின் சந்தா நோட்டு

(பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் நடைபெற்ற நினைவுக் கூட்டத்தில், மறைந்த ஆலைத் தொழிலாளியின் மூத்த மகள் ஆற்றிய உரை. பேசியபடியே வெளியிடுகிறோம்.)



எனக்கு முன்னால் பேசியவர்கள் என் தந்தையைத் தியாகி என்றார்கள். கேட்கப் பெருமையாக இருந்தது. ஆனால் அந்த வார்த்தை வந்த ஒவ்வொரு தடவையும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் மேடையிலிருந்து கவனித்தேன். அது அழுகையா, சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு வீட்டில் ஒருவர் தியாகியாக இருந்தால் அந்தத் தியாகத்தின் செலவுக் கணக்கை எழுதுகிறவர் வேறொருவராக இருப்பார். எங்கள் வீட்டில் அதை எழுதியவர் அம்மா. கொஞ்சம் நானும் எழுதியிருக்கிறேன். எனவே இன்று புகழ்ச்சி மட்டும் பேசிவிட்டு இறங்க என்னால் முடியாது. அவரும் அதை விரும்பமாட்டார். கூட்டத்தில் ஒருவர் கூடுதலாகப் புகழ்ந்துவிட்டால் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு மாலை வெயிட்டா இருந்துச்சு, கழுத்து வலிக்குது" என்பார்.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். வட ஆற்காட்டுப் பக்கத்து வழக்கம். திருப்பத்தூருக்குத் தெற்கே, மழை பெய்தால் கேழ்வரகு, பெய்யாவிட்டால் கூலி என்றிருந்த ஊர். 1962-ல், பதினெட்டு வயதில், ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி இந்த நகரத்துக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. ஊர்க்காரர் ஒருவருடைய விலாசம் மட்டும் சட்டைப்பையில். அந்த ஊர்க்காரர் வேலை பார்த்த ஆலையின் வாசலில்தான் மறுநாள் காலையில் போய் நின்றார்.

அந்த ஆலையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். இங்கே 1884-லேயே நூற்பாலை தொடங்கிவிட்டார்கள். பின்னி மில், மகாராஜா மில், மினர்வா மில், ராஜா மில் என்று நம் தாத்தாக்கள் காலத்திலிருந்தே ஆலைச் சங்கு ஊதிய ஊர் இது. மினர்வா மில் என்றால் இன்றைக்குச் சட்டக் கல்லூரி மாணவர்கள் எழுந்து நிற்பார்கள். அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று 1980-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்கு அந்த ஆலையின் பெயர்தான். அந்த ஆலையில் பஞ்சு அடித்தவர்கள் யார், எந்த ஊர்க்காரர்கள் என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இருக்காது. போகட்டும், அது வேறு பேச்சு.

நைனா நான்கு வருடம் பதிலி. பதிலி என்றால் இளைஞர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். காலையில் ஆலை வாசலில் போய் நிற்கவேண்டும். நிரந்தரத் தொழிலாளி எவராவது வராவிட்டால் மேஸ்திரி கை நீட்டிக் கூப்பிடுவார். கூப்பிட்டால் அன்றைக்குச் சோறு. கூப்பிடாவிட்டால் அடுத்த ஷிப்டுக்கு மறுபடி வந்து நிற்கவேண்டும். மேஸ்திரியின் கை யார் பக்கம் நீளும் என்பதற்கு வேறு கணக்குகள் உண்டு. அந்தக் கணக்கைக் கேள்வி கேட்டவர்கள் சங்கத்துக்காரர்கள். வந்த வரிசைப்படி கூப்பிடவேண்டும் என்று அவர்கள் போராடி ஒரு நோட்டுப் போட வைத்தார்கள். அந்த நோட்டில் பெயர் ஏறிய நாளிலிருந்து தான் யாருக்கும் குழைந்து சலாம் வைக்கவில்லை என்று நைனா சொல்வார். ஒரு நோட்டில் பெயர் எழுதியிருந்தால் மனிதனுக்கு முதுகு நிமிரும் என்பதை அவர் அங்கேதான் பார்த்தார். அதனால்தான் வாழ்நாள் பூராவும் நோட்டும் கையுமாக அலைந்தார் என்று நினைக்கிறேன்.

நிரந்தரமான மூன்றாம் வருடம், தன் இலாகாவில் சந்தா வசூலிக்கும் பொறுப்பை ஏற்றார். தலைவர் பதவிக்கு அவர் ஒருநாளும் நின்றதில்லை. மேடையில் பேசவும் வராது. சம்பள நாளில் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் நிற்பார். தராதவர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போவார். சந்தா கேட்கப் போகிற வீட்டில் ஏதாவது ஒரு கஷ்டம் இருக்கும். பிராவிடண்ட் ஃபண்டு கடன் மனு எழுதவேண்டும், ஈ.எஸ்.ஐ. அட்டையில் குழந்தை பெயரைச் சேர்க்கவேண்டும், இறந்துபோனவருடைய பாக்கியைக் கேட்டு விதவைக்கு விண்ணப்பம் போடவேண்டும். இவர் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து எழுதிவிட்டு வருவார். சந்தா இரண்டு ரூபாயைப் பெரும்பாலும் மறந்துவிட்டு வருவார். அம்மா அதைத் தன் ஊதுபத்திக் காசிலிருந்து கொடுத்திருக்கிறார்கள். ஆயிரம் ஊதுபத்தி உருட்டினால் என்ன கூலி வரும் என்று இங்கே இருக்கிற தாய்மார்களுக்குத் தெரியும். அந்தக் கூலியில் பக்கத்து வீட்டுக்காரர் சங்கச் சந்தா!

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்கு எட்டு வயதிருக்கும், என்னைக் கூட்டிக்கொண்டு பசவனகுடிக்குப் போனார். கோவிலுக்கு என்று நினைத்து நான் பூ வைத்துக்கொண்டு போனேன். ஒரு தெருப் பலகையின் முன்னால் நிறுத்தி, "படி" என்றார். பி.பி. வாடியா ரோடு. "இவர் யாரு தெரியுமா?" எனக்குத் தெரியாது. அந்த ரோட்டில் வாடியா 1945-ல் தொடங்கிய உலகக் கலாசார நிலையம் இருக்கிறது. நூலகம், சொற்பொழிவு மண்டபம் எல்லாம் உண்டு. அங்கே வந்துபோகிற படித்தவர்களுக்கு அவர் ஒரு தத்துவ ஞானி. நைனாவுக்கு அவர் வேறு. சென்னையில் பக்கிங்காம் கர்னாட்டிக் ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது அதன் தலைவர் இந்த வாடியா. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அவரைத் தேடிப்போய் அழைத்துவந்தார்கள். திரு.வி.க. கூட நின்றார். பார்சி வகுப்பைச் சேர்ந்தவர், தமிழ் தெரியாதவர். அவர் ஆங்கிலத்தில் பேச, ஒருவர் தமிழில் சொல்ல, பெரம்பூர்த் தொழிலாளி கேட்டான்.

அந்த ஆலையை நடத்தியது பின்னி கம்பெனி. நம் ஊர் பின்னி மில்லும் அதே கம்பெனிதான். 1920-ல் வாடியா மீதும் சங்கத்தார் மீதும் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையுத்தரவு வாங்கினார்கள். தொழிலாளியிடம் சங்கம் பேசியதே குற்றமாகிவிட்டது. சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் அந்த வழக்கிலிருந்துதான் நாடு முழுவதும் வலுத்தது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. வாடியா பிற்காலத்தில் பெங்களூருக்கே வந்து இங்கேயே 1958-ல் காலமானார். நைனா ரயிலிறங்கியது அதற்கு நான்கு வருடம் கழித்து. "நாலு வருஷம் முன்னாடி வந்திருந்தா பாத்திருப்பேன்" என்று, ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி சொன்னார். பிறகு எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். நான் பூவை அந்தப் பலகைக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன். அவர் சிரிக்கவில்லை.

வாடியா கதையை அவர் வேறொரு காரியத்துக்கும் வைத்திருந்தார். நம் ஆட்கள் சிலர், "கன்னடக்காரனுக்கு நீ எதுக்குய்யா மனு எழுதறே?" என்று கேட்பார்கள். "தமிழ் தெரியாத பார்சிக்காரரு தமிழ்த் தொழிலாளிக்கு சங்கம் கட்டுனாரு. எனக்குக் கன்னடம் தெரியும். அப்ப எனக்கு எவ்ளோ கடமை இருக்குது?" என்பார்.

கன்னடம் அவருக்குப் பேச்சாக முதலிலேயே வந்துவிட்டது. எழுத்து வரவில்லை. இலாகாவிலிருந்து வருகிற நோட்டீசைப் படிக்கத் தெரியாமல் ஒருவர் முறையீட்டுக்கான கெடு தேதியைத் தவறவிட்டார். அந்தக் குற்றவுணர்ச்சியில், நாற்பது வயதை நெருங்கும்போது, என் ஒன்றாம் வகுப்பு கன்னடப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு எழுத்துக் கற்றார். மூன்றாவது ஷிப்டு முடித்து விடிகாலையில் வருவார். புருவத்திலும் காதோரத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். நானும் தம்பியும் அதைப் பிடுங்கிப் பிடுங்கி உருண்டை பிடிப்போம். அவர் கண்ணை மூடிக்கொண்டே 'க'வையும் 'கா'வையும் காற்றில் எழுதிக்காட்டுவார். எனக்குப் பொறுமையாகப் பாடம் சொல்லித்தந்த தகப்பனை விட, என்னிடம் பாடம் கேட்ட தகப்பனைத்தான் எனக்கு அதிகம் ஞாபகமிருக்கிறது.

கணக்கை மட்டும் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அது பள்ளிக்கூடக் கணக்கில்லை. கிராஜுவிட்டிச் சட்டம் 1972-ல் வந்தது. ஒரு வருட வேலைக்குப் பதினைந்து நாள் சம்பளம். ஆனால் ஒருநாள் சம்பளத்தைக் கண்டுபிடிக்க மாதச் சம்பளத்தை முப்பதால் வகுப்பதா, இருபத்தாறால் வகுப்பதா? முதலாளிகள் முப்பது என்றார்கள். வாரவிடுமுறை போக வேலை நாள் இருபத்தாறுதானே என்றது சங்கம். ஒரு கம்பளி ஆலை வழக்கில் 1980-ல் உச்ச நீதிமன்றம் இருபத்தாறே சரி என்றது. 1987-ல் அதைச் சட்டத்திலும் எழுதிவிட்டார்கள். நைனா என்னிடம் சிலேட்டைக் கொடுத்து, "சம்பளம் 780 ரூபா. வேலை பாத்தது இருபது வருஷம். ரெண்டு விதமாவும் போடு" என்றார். முப்பதால் வகுத்தால் 7,800 ரூபாய். இருபத்தாறால் வகுத்தால் 9,000. "வித்தியாசம்?" "ஆயிரத்து இருநூறு." "அது ஒரு பொண்ணோட கல்யாணச் செலவு, பாப்பா. வகுக்கத் தெரியாத வீட்டுல அது போயிடும்." எனக்கு வகுத்தல் இன்றுவரை மறக்காததற்கு அதுவே காரணம்.

அந்தச் சமயத்தில்தான் பொதுத்துறைத் தொழிலாளர் வேலைநிறுத்தம். 1980 டிசம்பர் 26-ல் தொடங்கி மார்ச் மாதம் வரை 77 நாள். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல்., எச்.எம்.டி., பி.இ.எம்.எல். எல்லாவற்றிலும் சேர்த்துச் சுமார் ஒன்றேகால் லட்சம் பேர் வெளியே நின்றார்கள். பி.எச்.இ.எல். தொழிலாளிக்குக் கொடுத்த சம்பளம் எங்களுக்கும் வேண்டும் என்பது கோரிக்கை. எங்கள் தெருவில் நைனா சாக்குப்பையோடு அரிசி வசூலித்தார். அம்மாவுக்கு வந்ததே கோபம். "அவங்க சம்பளம் நம்ம சம்பளத்தைவிட ரெண்டு மடங்கு. குவார்ட்டர்ஸ் இருக்குது, பஸ் இருக்குது. நாம அவங்களுக்கு அரிசி குடுக்கணுமா?" நியாயமான கேள்வி. இன்றுவரை அதற்கு முழுப் பதில் எனக்குத் தெரியாது. நைனா சொன்ன பதில்: "மேல இருக்கிறவன் கீழ விழுந்தா நம்ம தலை மேலதான் விழுவான்." அம்மா இரண்டு படி போட்டார்கள், முணுமுணுத்துக்கொண்டே. அந்தப் போராட்டம் கேட்டது முழுதும் கிடைக்காமலே முடிந்தது. அடுத்த சில வருடங்களில் ஆலைகளுக்கும் கெட்ட காலம் தொடங்கிவிட்டது.

இப்போது நான் சொல்ல வேண்டியது, கொஞ்சம் சங்கடமானது. அம்மா மன்னிக்கவேண்டும்.

1989-ல் நான் பி.யு.சி. முதல் வருடம். எங்கள் தெருவில் தமிழ்க் குடும்பத்திலிருந்து கல்லூரி வாசல் மிதித்த மூன்றாவது பெண். அந்த வருடம் ஆலையில் கதவடைப்பு. நான்கு மாதம் சம்பளமில்லை. அப்போது நைனாவை ஒருவர் வந்து பார்த்தார். சந்தா வசூலை விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டால் ஆலை திறந்ததும் மேஸ்திரி வேலை, முன்பணமும் உண்டு. நான் உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நைனா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவ்வளவுதான். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. கொள்கை முழக்கமும் செய்யவில்லை.

இரண்டாம் வருடக் கட்டணம் கட்ட முடியவில்லை. நான் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போனேன். முதல் நாள் அவரே பஸ் ஏற்றிவிட வந்தார். பஸ் வருகிறவரை என் டிபன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் நான் அவரிடம் தேவைக்கு மேல் பேசியதில்லை. ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் எழுதிக்கொடுத்த மனுஷன், சொந்தப் பெண்ணை மிஷின் முன்னால் உட்காரவைத்துவிட்டாரே என்று எரிச்சல். இந்தக் கூட்டத்தில் இருக்கிற எத்தனையோ சங்கத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு இந்த எரிச்சல் என்னவென்று தெரியும். தலையாட்டுகிறீர்கள், பார்க்கிறேன்.

அந்த மௌனம் உடைந்தது 1991 டிசம்பரில். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்தது. 12, 13 தேதிகளில் இந்த நகரத்தில் என்ன நடந்தது என்று நம்மில் வயதானவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. குடிசைகள் எரிந்தன. உயிர்கள் போயின. ஆயிரக்கணக்கானோர் தமிழ்நாட்டுக்கு ரயிலேறினார்கள். நாங்களும் மூட்டை கட்டிவிட்டோம். இரவு எட்டு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். அம்மா விளக்கை அணைத்துவிட்டார்கள். வெளியிலிருந்து, "அண்ணா, நானு" என்று குரல். ஹாசன் பக்கத்துக்காரர், நைனாவின் இலாகாவில் நெசவுப் பிரிவு. அண்ணா என்பது இரண்டு பாஷையிலும் ஒரே வார்த்தையல்லவா? அந்த ஒரு வார்த்தையில் அம்மா கதவைத் திறந்தார்கள். எங்கள் ஐந்து பேரையும் மாகடி ரோட்டுக்கு அப்பால் தன் வீட்டுக்கு நடத்திக் கூட்டிப்போய், நான்கு நாள் வைத்திருந்தார். அவருடைய மனைவி எனக்கும் தங்கைக்கும் தன் மகள்களின் உடுப்பைக் கொடுத்து, வாசலில் யாராவது கேட்டால் ஊரிலிருந்து வந்த நாத்தனார் பிள்ளைகள் என்று சொன்னார்.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று பிறகு நான் கேட்டேன். "உன் அப்பா என் அம்மாவின் பென்ஷன் மனுவை ஆறு தடவை எழுதினார். ஏழாவது தடவை வந்தது" என்றார். மனிதாபிமானம், மொழி ஒற்றுமை என்று அவர் பெரிய வார்த்தை எதுவும் சொல்லவில்லை. ஆறு தடவை என்றார்.

ஐந்தாம் நாள் நைனா ஆலைக்குப் போனார். வாசலில் நின்று ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார். அந்த மாதம் சந்தா தராத ஆள் இல்லை என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம். நோட்டைப் பார்த்தேன், பதினோரு பேர் தரவில்லை. ஆனாலும் பெரிய விஷயந்தான். உல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை அந்த 1991-லிருந்து துணி மூடியே நின்றது. 2009 ஆகஸ்ட் 9-ந்தேதி திறந்தபோது நைனா என்னையும் என் மகளையும் கூட்டிப்போனார். வழியெல்லாம் கன்னடத்துச் சர்வக்ஞரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அவருடைய சிலையைச் சென்னையில் திறக்கப்போகிறார்கள், அதற்கும் போகவேண்டும் என்றார். போகமுடியவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நைனாவின் ஆலை மூடிவிட்டது. அதன் பிறகுதான் அவருக்கு வேலை அதிகமாயிற்று. ஆலை இருந்தபோது சங்கத்துக்கு ஆபீஸ் இருந்தது, பெஞ்சு இருந்தது. மூடிய பிறகு எங்கள் வீட்டுத் திண்ணைதான் ஆபீஸ். பன்னேர்கட்டா ரோட்டுக் கார்மிக பவனுக்கும், ராஜாராம் மோகன்ராய் ரோட்டு பி.எஃப். ஆபீசுக்கும் அவர் நடந்த நடையைச் சேர்த்தால் ஊருக்கே போய்வந்திருக்கலாம். பின்னி மில் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். அந்தப் பக்கமாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம், எத்தனை மாடி என்று எண்ணுவார். எதற்கு எண்ணினார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

என் சம்பளச் சீட்டை மாதாமாதம் அவரிடம் காட்டவேண்டும். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பெற்ற பிறகும் அந்தச் சட்டம் மாறவில்லை. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் நூற்றுக்கு ஒன்றே முக்கால், பி.எஃப். பன்னிரண்டு. காசு சுத்தமாகச் சரிபார்ப்பார். 2019-ல் ஈ.எஸ்.ஐ. பிடித்தத்தை முக்காலாகக் குறைத்தபோது எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருந்தது. என்னோடு லைனில் உட்கார்ந்த பெண்கள் சிலர் தங்கள் சீட்டையும் என்னிடம் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார்கள். கன்னடப் பெண்கள், ஆந்திராப் பெண்கள், பிறகு ஒரிசாப் பெண்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பார்.

2016 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு புதிய விதி போட்டது. வேலையை விட்டாலும் பி.எஃப்.பில் முதலாளி கட்டிய பங்கை ஐம்பத்தெட்டு வயது வரை எடுக்க முடியாது என்றார்கள். கார்மென்ட்ஸ் வேலையில் நாற்பது வயதுக்கு மேல் எத்தனை பெண்கள் தாக்குப்பிடிக்கிறார்கள்? பெண்ணின் கல்யாணமோ, வீட்டுக் கடனோ, இடுப்பு வலியோ, ஏதோ ஒன்று வந்து வேலையை விடுகிறபோது கைக்கு வருகிற ஒரே மொத்தப் பணம் அதுதான். ஏப்ரல் 18-ந்தேதி ஓசூர் ரோட்டில் பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டு நடுரோட்டுக்கு வந்தார்கள். எந்தச் சங்கமும் கூப்பிடவில்லை. பெரும்பாலோர் எந்தச் சங்கத்திலும் இல்லை. மறுநாள் தும்கூர் ரோடு, பீன்யா பக்கம் எல்லாம் பரவி, எங்கள் லைனும் எழுந்தது. லட்சத்துக்கு மேல் என்று பேப்பர்காரர்கள் எழுதினார்கள்.

நான் பயத்தோடு நைனாவுக்கு போன் போட்டேன். எழுபத்திரண்டு வயது அவருக்கு. "வீட்டுக்கு வந்துடட்டுமா?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "பையில பேனா இருக்குதா?" என்றார். "இருக்குது." "அடிபடறவங்க பேரு, போலீஸ் கூட்டிக்கினு போறவங்க பேரு, எந்த ஃபாக்டரி, வீட்டு போன் நம்பரு, எழுதிக்கோ. எல்லாரும் கத்துவாங்க, யாரும் எழுதமாட்டாங்க." தடியடி நடந்தது. கண்ணீர்ப்புகை வந்தது. நான் ஒரு கடைப் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதினேன். முப்பத்தொரு பெயர். அன்று மாலையே அந்த விதியை அரசு வாபஸ் வாங்கியது. இரவு பதினொரு மணி வரை நைனா அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தார். "உங்க பொண்ணு ஸ்டேஷன்ல இருக்குது, பயப்படாதீங்க, காலையில வக்கீல் போவாரு." கன்னடத்தில், தெலுங்கில், தெரிந்த இந்தியில். வக்கீலுக்கு முதலிலேயே சொல்லிவைத்திருந்தார்.

அன்றைக்கு அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். பாதி போயிற்று. மீதியை நான் 2018-ல் கேட்டேவிட்டேன். பக்கவாதம் வந்து படுத்துத் தேறியிருந்த நேரம். கஞ்சி கொடுக்கும்போது கேட்டேன்: "நைனா, அந்த மேஸ்திரி வேலையை நீ ஒத்துக்கினு இருந்தா நான் படிச்சிருப்பேன் இல்ல?"

அவர் சுவரைப் பார்த்தார். "படிச்சிருப்ப" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதற்காக இதைச் செய்தேன், அவர்களுக்காக அதைச் செய்தேன் என்று ஒரு சமாதானமும் சொல்லவில்லை. எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும் என்று தோன்றியதும் உண்டு, போதாது என்று தோன்றியதும் உண்டு.

போன மாதம் காரியமெல்லாம் முடிந்து அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். நாற்பத்தேழு நோட்டுகள். கடைசி நோட்டில் எழுத்து நடுங்கியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடப்புக்கு வந்திருக்கின்றன அல்லவா, அந்தச் செய்தியைக் கத்தரித்து ஒட்டியிருக்கிறார். ஆலையை மூட அரசு அனுமதி தேவை என்பது முன்பு நூறு தொழிலாளர் இருந்தாலே உண்டு. இனி முந்நூறு பேர் இருந்தால்தான். அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார். குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உண்டு என்ற இடத்தில், "பாப்பா ஃபாக்டரியில் சொல்லவேண்டும்" என்று எழுதியிருக்கிறார். சொல்லிவிட்டேன்.

ஒவ்வொரு நோட்டிலும் கடைசிப் பக்கம் பாக்கிக் கணக்கு. யாருக்கு எது வரவேண்டும், எது வரவில்லை என்று. நோட்டு முடிந்ததும் தீராத பாக்கியை அடுத்த நோட்டுக்கு மாற்றி எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். 1989 நோட்டில் அந்தப் பக்கத்தில் ஏழாவது வரி: "பாப்பா, காலேஜ் பீஸ், ரூ. 340." அதைப் பார்த்ததும் மற்ற நோட்டுகளைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் இருக்கிறது. முப்பத்தாறு வருடமாக அந்த வரியை அவர் கையாலேயே மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார். கடைசி நோட்டிலும் இருக்கிறது, அடிக்கப்படாமல்.

அந்தக் கடைசிப் பக்கத்தில் என் வரியோடு இன்னும் மூன்று வரிகள் அடிக்கப்படாமல் இருக்கின்றன. மூன்றும் பி.எஃப். பாக்கி. மூவரும் இறந்துவிட்டார்கள், குடும்பம் ஊருக்குப் போய்விட்டது என்று குறித்திருக்கிறார். ஒருவர் நூற்புப் பிரிவு, ஊத்தங்கரைப் பக்கம். ஒருவர் சாயப் பட்டறை, குடியாத்தம். மூன்றாமவர் ராமநகரத்துக் கன்னடக் குடும்பம். கணக்கு எண்களைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார். காலம் எத்தனை ஆனாலும் வாரிசுகள் இப்போதும் மனுப் போட்டுப் பார்க்கலாம். மேடையில் பெயரைச் சொல்வது முறையில்லை. அந்தக் குடும்பங்களைத் தெரிந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், கூட்டம் முடிந்ததும் வாசலில் வந்து என்னைப் பாருங்கள். நோட்டு கையில் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது.